கேரா என்றால் மயக்கம் இல்லை

அந்த யோசனை எனக்கு வந்தது ஒரு தையல் கடையில். குடை மாதிரி விரிகிற சுடிதார் ஒன்று தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். கடைக்கார பாய் என் அளவு உடுப்பை மேசைமேல் விரித்துப் போட்டு, டேப்பைக் கீழ் விளிம்பில் ஓட்டியபடியே கேட்டார்.

"கேரா எவ்ளோ வெக்கட்டும்மா?"

"இன்னாது பாய்?"

"கேரா. கீழ வர்ற சுத்து. நீ ஒரு சுத்து சுத்துனா அதுவும் ஒரு சுத்து சுத்தணும் இல்ல? அதுக்குத்தான் கேக்கறேன்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சுடிதாருக்காக இல்லை. எங்கள் ஊரில் தலை சுற்றினால் 'தலை கேராகீது' என்பார்கள். வெயிலில் நின்றால் கேரா, பட்டினி கிடந்தால் கேரா, பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் கேரா. பிறந்ததிலிருந்து காதில் விழுகிற சொல். அது எங்கிருந்து வந்தது என்று இரண்டு மாதமாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன். இதோ, பாவாடையின் வட்டமும் தலையின் வட்டமும் ஒரே மேசையில் கிடக்கின்றன! ஆற்காட்டு நவாப் காலத்து உருது எங்கள் பேச்சுக்குள் ஜல்தியையும் பேஜாரையும் விட்டுவிட்டுப் போனது தெரிந்த சங்கதிதான். கேராவும் அந்தக் கூட்டத்தோடு வந்து இறங்கியதாகத்தான் இருக்க வேண்டும்.

"பாய், தலை கேராகீதுன்னு சொல்றமே, அதுவும் இதேதானா?"

அவர் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டே ஏதோ பதில் சொன்னார். அதற்குள் நான் போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்துவிட்டேன். அவர் என்ன சொன்னார் என்பது என் காதில் ஏறவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். சுற்றளவு எவ்வளவு என்று சொல்லாமலேயே கடையை விட்டு வந்துவிட்டேன்.

நான் தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். அப்படித்தான் வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். புத்தகத்தைத் திறந்த பத்தாவது நிமிடம் ஏதாவது ஒரு சொல் என்னை இழுத்துக்கொண்டு போய்விடும். 'ஊர்ச் சொல்' என்று போனில் ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். ஆரணியில் பேசுகிற, அகராதியில் கிடைக்காத சொற்களை அதில் சேர்த்துவந்தேன். ஒருநாள் அது புத்தகமாகும், முன்னுரையில் யார் யாருக்கு நன்றி சொல்வது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். அந்த நன்றிப் பட்டியலில் முதல் இடம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு.

அக்காவுக்கு வயது முப்பத்தாறு இருக்கும். கணவர் பெங்களூரில் ஒரு தறி ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார். முன்பெல்லாம் பொங்கலுக்கும் ஆடிக்கும் வருவார். இரண்டு வருடமாக வரவில்லை. போன் மட்டும் வருகிறது. வீட்டில் அக்காவும் மாமியாரும்தான். அக்கா செய்வது பாவு பிணைக்கிற வேலை. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் கடைசி நுனிகளை அறுக்காமல் விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அந்தப் பழைய நுனியோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு ஒரு முறுக்கு முறுக்கி ஒட்டவேண்டும். ஆயிரக்கணக்கான இழை. ஒன்று மாறினாலும் சேலையில் கோடு விழும். மூன்று நான்கு பெண்கள் வரிசையாகத் தரையில் குந்தி, கழுத்தைத் தொங்கப்போட்டபடி பாதிநாள் செய்வார்கள். அக்காவின் விரலை யாராலும் தொடர முடியாது. எந்தத் தறிக்காரர் வீட்டில் பாவு வந்து இறங்கினாலும் முதலில் அக்காவுக்குத்தான் ஆள் வரும்.

கொஞ்ச நாளாக அக்கா 'தலை கேராகீதுமா, தலை கேராகீதுமா' என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்தச் சொல்லைத் தேட ஆரம்பித்ததே அதனால்தான். இதை எழுதும்போதே கூசுகிறது. இரண்டு மாதமாக ஒருத்தி தனக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்கிறாள். இரண்டு மாதமாக நான் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறேன். ஏன் சுற்றுகிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

தையல் கடையிலிருந்து நேராக அக்கா வேலை செய்துகொண்டிருந்த தறிக்காரர் வீட்டுக்கு ஓடினேன். நான்கு பெண்கள் பிணைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, கெடச்சிடுச்சி! கேரான்னா வட்டம். உருது!"

"அப்டியா மா," என்றார் அக்கா, தலையை நிமிர்த்தாமல். "வட்டமோ சதுரமோ, எனுக்கு வராம இருந்தா சரி."

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். "இந்தப் பொண்ணு எம்மே படிச்சது இதுக்குத்தான். நாம திட்டறதுகூட எங்கேர்ந்து வந்துச்சுன்னு கண்டுபுடிச்சிச் சொல்லும்."

அக்காவும் சிரித்து நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே பக்கத்திலிருந்த தறிக்காலைப் பிடித்துக்கொண்டார். கண் ஓரமாக இழுத்துக்கொண்டு போனது. "இதோ வந்துடுச்சி. கேராகீது," என்றார் மெதுவாக.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "இருங்கக்கா, இருங்கக்கா, அப்படியே சொல்லுங்க, எப்டி கீது?" என்று போனை எடுத்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது இன்னொருத்தி.

அக்கா சொன்னார். பொறுமையாக, நான் தட்டி முடிக்கிற வரைக்கும் நின்று நின்று சொன்னார். தன் பேச்சை ஒருத்தி எழுதிக்கொள்வதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று நினைக்கிறேன். அவர் சொன்னதை வரி மாறாமல் இறக்கிக்கொண்டேன். அந்த விஷயத்தில் நான் சுத்தம்.

'குனிஞ்சிகினு இருந்துட்டு நிமுந்தா வரும். படுத்துகினு வலதுகைப் பக்கம் திரும்புனா வரும். இடதுகைப் பக்கம் திரும்புனா வராது. வந்தா தறியெல்லாம் ஒரே பக்கமா ஓடும். இருவது எண்றதுக்குள்ள நின்னுடும். நின்னப்புறம் வவுறு பொரட்டும்.'

அதன் கீழே என் கைச்சரக்கைச் சேர்த்தேன். 'கேரா: பெயர்ச்சொல். பொருள்: மயக்கம். உருதில் வட்டம் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது.' சேமித்தேன். பெரிய வேலை முடித்த திருப்தி.

அடுத்த வாரம் அக்கா பாவின் நடுவில் ஒரு கொத்து இழையை மாற்றிப் பிணைத்துவிட்டார். தறிக்காரர் கோபப்படவில்லை. "உடம்பப் பாரும்மா முதல்ல. நீ இப்டி ஆளே கெடையாது," என்றார். அதுதான் அக்காவைப் பயமுறுத்தியது. திட்டியிருந்தால் சும்மா இருந்திருப்பார். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போணும் மா. கூட வர்றியா? எனுக்கு அங்க பேச வராது. நீ படிச்ச பொண்ணு."

நீ படிச்ச பொண்ணு! நான் துள்ளிக்கொண்டு கிளம்பினேன்.

ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். டாக்டரைப் பார்க்கும் முன் வாசலில் மேசை போட்டு ஒரு நர்ஸ் விவரம் எழுதிக்கொண்டிருந்தார். தெற்குப் பக்கத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. எங்கள் முறை வந்தது.

"என்னம்மா செய்யுது உங்களுக்கு?"

"தலை கேராகீதுங்க," என்றார் அக்கா.

"என்னது? கேராவா? அப்படின்னா?"

அக்கா வாயைத் திறந்தார். தறிக்காரர் வீட்டில் என்னிடம் சொன்ன மாதிரி இங்கேயும் சொல்லியிருப்பார். குனிந்தால், நிமிர்ந்தால், வலதுகைப் பக்கம் திரும்பினால் என்று. நான் விடவில்லை. குறிப்பேடு என் மண்டைக்குள் தயாராக இருந்தது; பதில் தெரிந்த பிள்ளை கையைத் தூக்குகிற மாதிரி முந்திக்கொண்டேன்.

"மயக்கம் சிஸ்டர். கேரான்னா எங்க ஊர்ல மயக்கம். வாந்தி வர்ற மாதிரியும் இருக்கு."

நர்ஸ் பேனாவை நிறுத்தி அக்காவை ஏறிட்டுப் பார்த்தார். முகத்தில் ஒரு கனிவு வந்தது. அந்தக் கனிவைப் பார்த்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"மயக்கம், வாந்தி… கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சீங்க? நாள் தள்ளியிருக்கா?"

அவர் மேல் தப்பே இல்லை. மயக்கம் வாந்தி என்று ஒரு பெண் வந்து நின்றால் அதைக் கேட்பதுதான் அவர் வேலை. தமிழ் தெரிந்த எவருக்கும் அந்த இரண்டு சொல்லும் ஜோடியாக வந்தால் என்ன அர்த்தம் என்று தெரியும். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். எம்.ஏ. படித்த எனக்குத்தான் அந்த நேரத்தில் தெரியாமல் போனது.

கூட்டத்தில் குரல் கேட்கவேண்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டிருந்தார் நர்ஸ். வரிசையில் எங்களுக்குப் பின்னால் எங்கள் தெருப் பெண்கள் இருவர் நின்றிருந்தார்கள். அவர்கள் பேச்சு நின்றது. அது நின்றது எனக்குக் கேட்டது.

"அதெல்லாம் இல்லீங்க," என்றார் அக்கா, மேசையைப் பார்த்தபடி.

"கூச்சப்படாதீங்கம்மா. எதுக்கும் யூரின் டெஸ்ட் பாத்துருவோம்." ஒரு பிளாஸ்டிக் குப்பியை எடுத்து அக்கா கையில் கொடுத்தார். "அந்தப் பக்கம் பாத்ரூம் இருக்கு. அடுத்து யாரு?"

அக்கா அந்தக் குப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மறைக்கவும் தெரியவில்லை, கீழே போடவும் தெரியவில்லை. பின்னாலிருந்த இருவரைத் தாண்டித்தான் போகவேண்டும். முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். பெஞ்சின் ஓரத்தில் குப்பியை மெதுவாக வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நான் பின்னாலேயே ஓடினேன். கேட்டுக்கு வெளியே மரத்தடியில் கையூன்றி நின்றிருந்தார். ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தோம். அந்தச் சும்மா இருந்த நேரத்தில் என் கை தன் பாட்டுக்குப் போனை எடுத்தது. இங்கே ஒரு சமாதானமும் சொல்ல முடியாது; நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 'மயக்கம்: சூழலால் கர்ப்பம் என்றும் பொருள்படும்' என்று தட்டிக்கொண்டிருந்தேன். நல்ல எடுத்துக்காட்டு கிடைத்தது, மறந்துவிடப் போகிறது என்று.

அக்கா என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியும். ஒன்பதாவது வரை போனவர்.

"இதையும் எழுதிகினியா?"

அவ்வளவுதான் கேட்டார். ஆட்டோ வந்தது. ஏறி, என் பக்கம் திரும்பாமல் வந்தார். வலதுகைப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் திரும்பினால் அவருக்குச் சுற்றும் என்பது என் போனில் எழுதியிருந்தது. ஆனால் அன்று அவர் திரும்பாததற்கு அது காரணம் இல்லை.

இரண்டு நாளில் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் அக்கா பிணைக்கப் போனபோது பேச்சு காத்திருந்தது. நான் அங்கே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பின்னால் எனக்குச் சொன்னாள். ஒருத்தி, "இன்னாக்கா, மாங்கா எதனா வாங்கியாரட்டுமா?" என்றாளாம். இன்னொருத்தி, "அவரு ரெண்டு வருசமா வரலியேடி!" என்றாளாம். அதற்கு முதலாமவள், "இப்பல்லாம் வீடியோ கால்லயே எல்லாம் நடக்குதாம்டி, உனுக்குத் தெரியாதா?" என்றாளாம். எல்லாரும் சிரித்தார்களாம். அக்கா கையிலிருந்த இழையை முறுக்கி முடித்துவிட்டு, சாம்பலைத் தட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு போகவில்லை.

கேள்விப்பட்டதும் எனக்கு ஆத்திரம். நான் உண்டாக்கியதை நானே சரி செய்கிறேன் என்று அந்தத் தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். கையில் இருந்த ஒரே ஆயுதம் சொல்லாராய்ச்சி. அதையே எடுத்து வீசினேன்.

"அக்காவுக்கு வந்தது மயக்கம் இல்லங்க. கேரா. கேரான்னா உருதுல வட்டம், சுத்து. அவங்களுக்குத் தலைதான் சுத்துச்சு. வேற ஒண்ணுமில்ல."

அங்கே இருந்தவர்களில் மூத்தவள் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினாள். "தலை சுத்துச்சா, இல்ல எவனாச்சும் வூட்ட சுத்துனானா?"

வீடே சிரித்தது. தறி நெய்துகொண்டிருந்தவர்கூட மிதியை நிறுத்திச் சிரித்தார். வந்த வழியே திரும்பினேன். நான் போகாமல் இருந்திருந்தால் அந்த வட்டம், சுற்று எல்லாம் அவர்களுக்குக் கிடைத்தே இருக்காது. 'சுத்து' என்கிற சொல்லைப் புதிதாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்காவின் மாமியார் மருமகளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது பெரிய விஷயம். ஆனால் என்னை வாசலில் பார்த்தபோது சொன்னார்: "என் மருமவள எனுக்குத் தெரியாதா? இருந்தாலும் ஊர் வாய் அடங்கற வரைக்கும் அவ வூட்லயே குந்திகினு இருக்கட்டும். ஆஸ்பத்திரியும் வாணாம், வேலையும் வாணாம். நீயும் அவளக் கூட்டிகினு எங்கயும் போவாதம்மா."

இப்படியாக அக்காவின் வேலை போனது. வைத்தியமும் போனது. தலை சுற்றல் மட்டும் எங்கேயும் போகவில்லை. ஒருநாள் காலை மதில் வழியாகப் பார்த்தேன். கொடியில் துணி போட அண்ணாந்தவர் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஈரப் புடவை தரையில் விழுந்தது. நான் மதிலில் எக்கிக் கூப்பிட்டேன்.

"அக்கா! கேராகீதா?"

கயிற்றை விடாமல், கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். "ஒண்ணுமில்ல மா. சொம்மா நிக்கறேன்."

அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. அதற்கப்புறம் என் காது பட ஒருநாளும் சொல்லவில்லை. சொல் அழிந்துபோகிறது, சேகரிக்க வேண்டும் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தவள் நான். ஒருத்தி வாயிலிருந்து ஒரு சொல் என் கண்ணெதிரே போனது. போகவைத்தது நான்.

ஒரு மாதம் கழித்துத் தையல் கடையிலிருந்து ஆள் வந்தது, சுடிதார் எடுத்துக்கொண்டு போகச் சொல்லி. எனக்கு அதைப் போடும் ஆசையே விட்டிருந்தது. இருந்தாலும் போனேன். பாய் பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டே, "நீ கேரா சொல்லாமயே ஓடிட்ட. நானே பாத்து வெச்சிருக்கேன்," என்றார்.

"பாய், அன்னிக்கு நான் ஒண்ணு கேட்டேனே. தலை கேராகறதும் இதுவும் ஒண்ணான்னு."

"அதுக்கு அன்னிக்கே பதில் சொன்னனேம்மா! எங்க வூட்ல தலை சுத்துனா சக்கர்னுதான் சொல்லுவோம். சக்கர் வருதும்போம். கேரான்னு சொல்றது நீங்கதான். எனுக்கு எப்டித் தெரியும்?"

கடை வாசலிலேயே நின்றுவிட்டேன். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆமாம், சொன்னார். கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டே அவர் சொன்னது இதுதான். உருது பேசுகிறவரே தலை சுற்றலுக்கு அந்தச் சொல்லைச் சொல்வதில்லை என்றால் என் கண்டுபிடிப்பு நொண்டுகிறது. வட்டம் என்கிற சொல் எங்கள் வாய்க்கு வந்து, எங்கள் ஊரில்தான் தலைக்கு ஏறியதோ என்னவோ. இல்லையென்றால் நம்முடைய கிறுகிறுப்பும் கிறக்கமும் தேய்ந்து தேய்ந்து கேராவாக ஆனதோ என்னவோ. எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுத வேண்டிய இடத்தில் 'வந்தது' என்று எழுதிவைத்திருக்கிறேன்.

அன்று வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைத் திறந்தேன். அக்கா சொன்ன வரிகளை இந்த முறை சொல்லுக்காகப் படிக்கவில்லை. வலது பக்கம் வரும், இடது பக்கம் வராது. இருபது எண்ணுவதற்குள் நிற்கும். ஒரு டாக்டர் உட்கார்ந்து கேட்டிருந்தால் என்னென்ன கேட்பாரோ அதற்கெல்லாம் பதில் அங்கே இருந்தது. நர்சிங் படிக்கிற என் தோழிக்கு அதை மட்டும் படித்துக் காட்டினேன். "இப்படித் திரும்பும்போது மட்டும் சுத்துச்சுன்னா காதுக்குள்ள எதனா இருக்கலாம்டி. காது டாக்டர் பாத்துச் சொல்லணும். இத ஏன் அன்னிக்கு ஆஸ்பத்திரியில சொல்லல?" என்றாள்.

ஏன் சொல்லவில்லை? இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு ஒற்றைச் சொல்லில் மூடிவிட்டேன். மயங்குதல் என்றால் கலத்தல். பகலும் இரவும் கலப்பதால்தான் மாலை மயங்கும் நேரம் என்கிறோம். இந்தப் பொருளா அந்தப் பொருளா என்று கலந்துபோனால் பொருள் மயக்கம். இதெல்லாம் வகுப்பில் படித்து, பரீட்சையில் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். நர்ஸ் மேசைக்கு முன்னால் நான் செய்தது அதேதான். அன்று உண்மையிலேயே மயக்கத்தில் இருந்தது அக்கா இல்லை.

மறுநாள் மாமியார் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து அக்கா வீட்டுக்குப் போனேன். போன ஒரு மாதத்தில் பத்து தடவை ஒத்திகை பார்த்த மன்னிப்பு ஒன்று இருந்தது. சமையலறை வாசலில் நின்றதும் அது ஒழுங்காக வரவில்லை.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன். நீங்க பேச வேண்டியத நான் பேசிட்டேன். அந்த… அந்த ஆட்டோகிட்ட எழுதனதையும் அழிச்சிட்டேன்."

அக்கா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அரிவாள்மணையைப் பார்த்துக் குனியவில்லை. கழுத்தை நேராக வைத்துக் கண்ணை மட்டும் தாழ்த்தி நறுக்கினார். அப்படி இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறார்.

"மயக்கம்னு ஏன் மா சொன்ன?" என்றார். கோபமாக இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சேங்க்கா."

"எப்டி ஒண்ணாவும்? மயக்கம்னா நான் வுழுந்துடுவேன். கேரான்னா நான் பாட்டுக்குக் குந்திகினுதான் இருப்பேன், வூடுதான் வுழும். என்னிக்குனா நான் வுழுந்து பாத்திருக்கியா நீ?"

பார்த்ததில்லை. தறிக்காலைப் பிடித்தார், கொடிக்கயிற்றைப் பிடித்தார், மரத்தைப் பிடித்தார். ஒருநாளும் விழவில்லை. இவ்வளவு நாள் அதை என் கண்ணும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா சமாதானம் எல்லாம் சொல்லவில்லை. "அழுதுட்டு மூக்கத் தொடச்சிக்கோ. உங்கம்மா பாத்தா அப்பால அதுக்கு ஒரு கத கட்டுவாங்க," என்றார். பிறகு, "பாவு எறங்கியிருக்காமே? பக்கத்துத் தெருவுல?" என்று கேட்டார். விரல் நுனியால் முந்தானை இழையை முறுக்கிக்கொண்டே கேட்டார். அவருக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அந்த விரலில் தெரிந்தது.

தோழி சொன்னதைச் சொன்னேன். காது டாக்டர் வேலூரில் இருக்கிறார், போய்வரலாம், நம் தெருக்காரர்கள் யாரும் அங்கே இருக்கமாட்டார்கள் என்றேன். அக்கா மிச்சக் கத்தரிக்காயையும் நறுக்கி முடித்தார்.

"மாமியார்கிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா நீ வந்தா வாயத் தொறக்கக் கூடாது."

"தொறக்க மாட்டேங்க்கா. போனையும் வூட்லயே வெச்சிட்டு வந்துடறேன்."

"அட, அத ஏன் வெக்கற? அதத்தான் எடுத்துகினு வரணும். அங்க போனா எனுக்கு வார்த்த முழுங்கிடும். அன்னிக்குக் குந்திகினு அவ்ளோ சொன்னனே, அது அதுல கீதுல்ல? நான் திணறுனா அத அப்படியே படி. நான் சொன்னத மட்டும் படி. உன் அர்த்தத்தப் படிக்காத."

திங்கட்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸுக்குப் போகிறோம். மாமியார் இன்னும் முழு மனதாகச் சம்மதிக்கவில்லை. நான் கூட வருவதுதான் அவருக்கு உறுத்தல். நியாயம்தான். அக்காவை ஜன்னல் ஓரம், வலது கைப்பக்கம் கம்பி இருக்கிற மாதிரி உட்காரவைக்க வேண்டும், அப்போது யார் பேச்சுக் கொடுத்தாலும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டியிருக்காது. நேற்று குறிப்பேட்டில் 'பொருள்: மயக்கம்' என்பதை அழித்தேன். 'உருதிலிருந்து' என்பதையும் அழித்தேன். 'கேரா' என்ற தலைப்புக்குக் கீழே இப்போது அக்காவின் வரிகள் மட்டும் இருக்கின்றன.

அதை வாய்விட்டுப் படித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். நினைத்த அளவு எளிதாக இல்லை. 'குனிஞ்சிகினு இருந்துட்டு நிமுந்தா' என்று ஆரம்பித்தால் வாய் தானாகவே 'குனிந்துவிட்டு நிமிர்ந்தால்' என்று திருத்தப் பார்க்கிறது. டாக்டர் கண்டிப்பாகக் கேட்பார், கேராவா, அப்படியென்றால் என்ன என்று. அந்தக் கேள்வி வந்ததும் என் நாக்கு எப்படித் துடிக்கும் என்று எனக்குத் தெரியும். அப்போது அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டும். அவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தாலும் இருக்கவேண்டும். இருபது எண்ணிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அதற்குள் அவருக்குச் சுற்றலே நின்றுவிடுகிறது. எனக்கு வாய் நிற்காதா?